மரித்தோர் நோட்டில் கடைசிப் பெயர்

இன்னாசிபட்டிக் கோயிலில் நவம்பர் மாதம் முழுக்க, சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் செத்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். வீட்டுக்கு வீடு துண்டுச் சீட்டில் பெயர் எழுதிப் பீடத்தடியில் இருக்கும் மரப்பெட்டியில் போடுவார்கள். அதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி முப்பது நாளும் பிசகாமல் வாசிக்கிற வேலை கோயில்பிள்ளையுடையது. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, தரை கூட்டுவது எல்லாம் கோயில்பிள்ளை வேலைதான். பெயர்கள் முடிந்ததும் கூட்டம் அவர்களுக்காக நித்திய இளைப்பாற்றி என்கிற நிரந்தர ஓய்வைக் கேட்டு மன்றாடும். பாவக் கடன் தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து தவிக்கிற ஆத்துமாவுக்கு அது ஒரு வாய்த் தண்ணீர் என்பது ஊரின் நம்பிக்கை. உயிரோடு இருக்கிறவன் பெயரைத் தப்பித்தவறி அந்த நோட்டில் ஏற்றிவிட்டால் அவன் ஆயுசு அறுந்துபோகும் என்பதும் அதே ஊரின் நம்பிக்கைதான். அதனால் சீட்டு எழுதும்போது இனிஷியலை இரண்டு தடவை சரிபார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட நோட்டில், உயிரோடு இருந்த தன் கூடப்பிறந்த தம்பியின் பெயரை, தெரிந்தே, நல்ல நீல மையில் எழுதினாள் வியாகுலம்மாள்.

புதூர்ப் பக்கம் ரோட்டை விட்டு இறங்கிக் கரிசல் காட்டுக்குள் இரண்டு மைல் நடந்தால் இன்னாசிபட்டி. அறுபது வீடு. ஊரைக் காக்கும் புனிதர் இன்னாசியார் என்பதால் மூன்று ஆம்பளைக்கு ஒருவன் இன்னாசி. இன்னாசிமுத்து, இன்னாசியப்பன், சின்ன இன்னாசி என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். வியாகுலத்தின் புருஷன் சூசைமுத்துதான் முன்னே கோயில்பிள்ளை. அவன் போன பிறகு வேலை அவள் கைக்கு வந்தது. பகலில் வீட்டு வாசலில் உட்கார்ந்து மைதாப் பசை தடவித் தீப்பெட்டி ஒட்டுவாள். விடிகாலையும் உச்சியும் அந்தியும் மூன்று வேளை மணி அடிக்க எழுந்து போவாள். பங்குச்சாமியார் இரண்டாவது, நாலாவது ஞாயிறு மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கோயில் அவள் ராஜ்யம். சிவப்புச் சிமென்ட் தரையை முகம் தெரிகிற மாதிரி துடைத்து வைத்திருப்பாள். அதில் ஒரு பிள்ளை செருப்போடு ஏறிவிட்டால் போதும், அன்றைக்கு அந்தப் பிள்ளையின் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுபடுவார்கள்.

வேதம் அவளுக்கு மனப்பாடம். சும்மா மனப்பாடம் இல்லை, ஊருக்கு எடுத்துப் போடுகிற மனப்பாடம். வேலிச் சண்டையில் முகம் திருப்பிக்கொண்ட இரண்டு ஓரகத்திகளை ஒரு தடவை பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, காணிக்கை வைக்க வந்த இடத்தில் உன் சகோதரனுக்கு உன்மேல் ஏதோ மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே போட்டுவிட்டு முதலில் போய் அவனோடு ராசியாகு என்று கர்த்தர் சொன்னதை எடுத்துச் சொன்னாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே கட்டிக்கொண்டார்கள். அடுத்தவர் மனசுக்குள் விளக்கைப் பிடிக்க அவளைப் போல ஆள் கிடையாது. தன் மனசுக்கு வந்தால் மட்டும் அந்த விளக்கை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவாள்.

அவள் மனசுக்குள் இருந்தது இதுதான். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஐப்பசி. நாலு நாள் விடாத அடைமழை. சாயங்காலம் நாலு மணிக்குப் பருத்திக் காட்டில் சூசைமுத்துவை விரியன் கடித்தது. கரிசல் மண் நனைந்தால் நடக்க விடாது, காலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ரோட்டுக்குப் போக இரண்டு மைலும் சேறு. ஊரில் அப்போது ஒரே ஒரு டிராக்டர்தான். அது அவள் தம்பி இன்னாசிமுத்துவின் டிராக்டர், வாங்கி இருபது நாள்கூட ஆகவில்லை. அம்மா இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள்தான். பத்து வயசு வரைக்கும் கோயிலில் ஆம்பளைகள் பக்கம் போகாமல் பொம்பளைகள் பக்கத்தில் அக்கா மடியில் உட்கார்ந்திருந்தவன் அவன். ஓடிப்போய் வண்டியை எடுக்கச் சொன்னாள். அவன் வாசலில் நின்று மழையைப் பார்த்தான். "இறங்காது எக்கா. சிக்கிக்கிடும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

நாலு பேர் கட்டிலைத் தூக்கினார்கள். ஒரு கால் பக்கம் வியாகுலமே பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் ஒருத்தன் வழுக்கி விழ, கட்டில் கால் அவள் இடது பாதத்தில் இறங்கிச் சுண்டுவிரலை நசுக்கியது. அதற்குப் பிறகு அந்த விரல் மேலே தூக்கிக்கொண்டு தரையில் படாமலே போய்விட்டது. ரோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சூசைமுத்துவின் மூச்சு நின்றது. அடக்கத்துக்குத் தம்பி வந்தான். குழியோரம் குனிந்து, எல்லாரும் போடுகிற மாதிரி ஒரு பிடி மண்ணை எடுத்தான். வியாகுலம் அவன் கையைத் தட்டிவிட்டாள். "உன் கை மண்ணு அவியளுக்கு வேண்டாம்" என்றாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த கோடையில் அவன் டிராக்டரை விற்றுவிட்டுப் பெண்டாட்டி ஊரான குளத்தூர்ப் பக்கம் குடிபோனான்.

நாலு வருஷம் கழித்து அவன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. தபாலில்தான் வந்தது. அழைக்கிறவர்கள் வரிசையில் முதல் பெயராக, 'அமரர் சூசைமுத்து' என்று போட்டு, அடுத்து இவள் பெயரும் இருந்தது. வியாகுலத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொன்றவனே கொண்டாடுகிறானா என்று பத்திரிகையை அடுப்பில் போட்டாள். அந்த நவம்பரில் சீட்டுகளைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்தவள், கடைசிப் பெயருக்குக் கீழே கொஞ்சம் நிறுத்தினாள். அப்புறம் 'இன்னாசிமுத்து' என்று எழுதினாள். ஏற்கெனவே நாலு இன்னாசிமுத்து அந்த நோட்டில் இருந்தார்கள். ஐந்தாவது ஆளை யார் எண்ணப் போகிறார்கள்? சாயங்காலம் வாசித்தபோது அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கூட்டமும் வழக்கம்போல இளைப்பாற்றி கேட்டது.

ஆத்தும சோதனை செய்யும்போது அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் கேட்கத் தக்கது. அவன் எனக்குச் செத்துப்போனான். செத்தவனுக்காக மன்றாடுவது புண்ணியம். ஆகையால் நான் செய்வது புண்ணியம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது பிள்ளைகளைத் திட்டியது, ஜெபமாலையில் தூங்கியது எல்லாம் சொல்வாள், இதை மட்டும் சொல்ல மாட்டாள். பாவம் இல்லாததை எதற்குச் சொல்வது? இப்படி மூன்று நவம்பர் போனது. அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவே கடுதாசி இல்லை, பேச்சு இல்லை. அவன் இருக்கிறானா இல்லையா என்று அவள் யாரிடமும் கேட்கவும் இல்லை.

இரண்டாயிரமாவது வருஷம் அந்த ஊரில் ஐப்பசி பொய்த்தது. கார்த்திகை பிறந்தும் ஒரு சொட்டு விழவில்லை. காடெல்லாம் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போனது. நவம்பர் இருபதாம் தேதி, திங்கட்கிழமை, உச்சி மணி அடித்து முடித்துக் கயிற்றை விட்டுத் திரும்பினாள். வாசலுக்கு உள்ளே, சிவப்புத் தரையில், ஒரே ஒரு காலடித் தடம். கறுப்புச் சேறு. தொட்டுப் பார்த்தாள், விரலில் ஈரம் ஒட்டியது.

வெளியே கோயில் வேம்படியில் ஆடுகளைப் படுக்க விட்டுவிட்டுச் சீனித்தாய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஊர்க்காரி, ஆடு மேய்க்கிற வீட்டுப் பொம்பளை. தினமும் உச்சிக்கு அந்த நிழலுக்கு வருகிறவள்.

"ஏட்டி, சேத்துக் காலோட உள்ள வந்தது நீதானா?" என்று வியாகுலம் கேட்டாள்.

"உங்க கோயிலுக்குள்ள எனக்கு என்ன சோலி?" என்றாள் சீனித்தாய். "சேறு எங்கன கிடக்குன்னு சொல்லுங்க அக்கா. என் ஆட்டுக்காவது தண்ணி காட்டுதேன். மூணு நாளா ஊருணியில நாக்கு நனைக்க இல்ல."

"வேற யாரும் வந்தாவளா?"

"ஒருத்தரும் வரல. நான் வாசலப் பாத்துத்தான இருக்கேன்."

வியாகுலம் துணியை நனைத்துத் துடைத்தாள். மறுநாள் உச்சி மணி அடித்துத் திரும்பும்போது தடம் இரண்டாகி இருந்தது. மூன்றாம் நாள் நாலு. ஒவ்வொரு நாளும் வாசலிலிருந்து புதிதாக ஆரம்பித்து, முந்தின நாள் நின்ற இடத்தைத் தாண்டி ஒரு முழம் உள்ளே வந்து நின்றது. மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டே கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. கடைசி அடி அடித்து, சத்தம் ஓய்ந்து, அவள் திரும்பும் அந்த நேரத்துக்குள் வந்திருக்கும். வெளியே வெயில் கண்ணைக் கூசும். உள்ளே புது மழையில் நனைந்த மண்வாசம் அடிக்கும். ஆடுகள் எல்லாம் எழுந்து நின்று கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன என்று சீனித்தாய் சொன்னாள். அவள் மறுநாளிலிருந்து வேறு நிழலுக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை வியாகுலம் பயத்தை விழுங்கிக்கொண்டு குனிந்து தடத்தை நன்றாகப் பார்த்தாள். கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். அவள் அப்பா வழியில் எல்லாருக்கும் பாதம் அப்படித்தான். தம்பிக்கும் அப்படித்தான். தடம் பொம்பளைகள் உட்காருகிற பக்கமாகவே நடந்து வந்திருந்தது. மடியில் உட்கார்ந்து ஜெபமாலையை வாயில் வைத்துச் சப்பிய பிள்ளைக்கு எந்தப் பக்கம் தெரியும்? அக்கா பக்கம்தானே தெரியும்? இடது தடத்தில் நாலு விரல்தான் பதிந்திருந்தது. செத்தவர்களின் கால் அப்படித்தான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள்.

தம்பி செத்துப்போனான். நான்தான் கொன்றேன். இப்போது இளைப்பாற்றி கேட்டு வருகிறான். இந்த மூன்று வாக்கியமும் அவளுக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. ஏழு வருஷமாக அவன் சாகட்டும் என்று நினைத்தவளுக்கு, செத்துவிட்டான் என்று தோன்றியதும் சோறு இறங்கவில்லை. ஒட்டின தீப்பெட்டி எல்லாம் கோணலாகப் போய், கொண்டுபோனவர்கள் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

அந்த வாரம் நாலாவது ஞாயிறு. சாமியார் வந்தார். சின்ன வயசுக்காரர், அவசரக்காரர். பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டு, வியாகுலம் பத்திரிகையில் ஆரம்பித்துத் தடம் வரை எல்லாவற்றையும் கொட்டினாள்.

"தம்பி உயிரோட இருக்காரா?" என்று மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் கேட்டார்.

"தெரியல சாமி."

"அதைத் தெரிஞ்சுக்காமலே மூணு வருஷமா மன்றாடுறீங்களா?"

அவள் ஜெபமாலை மணிகளை உருட்டினாள்.

"உயிரோட இருக்கறவருக்கு வேண்டிக்கிட்டா ஆயுசு குறையாது. அது வெறும் பயம்மா. நீங்க என்ன நினைச்சு வேண்டிக்கிட்டீங்கங்கறதுதான் கேள்வி. நேர்ல போய்ப் பார்த்துட்டு வாங்க. அதுதான் இந்தப் பாவத்துக்கு நான் குடுக்கற அபராதம்."

"வேற ஏதாவது குடுங்க சாமி" என்றாள் வியாகுலம். "அம்பத்துமூணு மணி ஜெபமாலை பத்து தடவை சொல்லுதேன். வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கேன்."

"அதெல்லாம் உங்களுக்குச் சுலபம்" என்று சொல்லிவிட்டு சாமியார் பாவ விமோசனம் கொடுத்தார். அடுத்த ஊர்ப் பூசைக்கு அவருக்கு நேரமாகிவிட்டது.

திங்கட்கிழமை அவள் போகவில்லை. தலைவலி. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. பஸ் போய்விட்டது. பஸ் போகும் வரை அடுக்களையில் ஒளிந்திருந்தது அவள்தான், அது வேறு. போய் நின்றால் என்ன இருக்கும்? மாலை போட்ட படம் இருக்கும். அமலோற்பவம், தம்பி பெண்டாட்டி, தாலி இல்லாத கழுத்தோடு வந்து நிற்பாள். அதைப் பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை. இன்னொரு பயமும் அடியில் இருந்தது. அவன் உயிரோடு இருந்துவிட்டால், இத்தனை வருஷம் காத்துவைத்த கோபத்தை என்ன செய்வது? அதை விட்டால் சூசைமுத்துவுக்கென்று அவளிடம் மிச்சம் ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை உச்சிக்குத் தடம் கடைசி இடத்துக்கு வந்துவிட்டது. பீடத்துக்குப் பக்கவாட்டில், பெயர் வாசிக்க அவள் நோட்டை வைக்கும் வாசக மேடைக்குப் பின்னால், இரண்டு பாதமும் சேர்ந்து, ஜனங்கள் உட்காரும் பக்கம் பார்த்து நின்றிருந்தது. அதைத் துடைக்க அவளால் குனிய முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

சாயங்காலம் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜெபமாலை முடிந்தது. எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு வேறு வழியில்லாமல் மேடைக்குப் பின்னால் போனாள். நிற்க வேறு இடமில்லை. கண்ணை மூடிக்கொண்டு, காய்ந்திருந்த அந்தத் தடத்தின் மேலேயே வெறுங்காலை வைத்தாள். சில்லென்று இருந்தது. கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள்.

விளிம்புக்கு விளிம்பு பொருந்தியிருந்தது. குதிகால் பொருந்தியது. நீள விரல் பொருந்தியது. இடது காலில், தரையில் படாமல் மேலே தூக்கி நின்ற சுண்டுவிரலுக்குக் கீழே, தடத்திலும் விரல் இல்லை.

தன் காலடித் தடத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஒன்பது நாளாக அவள் துடைத்துக்கொண்டிருந்தது தன் காலையே. தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துச் சேற்றிலிருந்து அவள் இன்னும் கரையேறவில்லை. கட்டிலைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நடந்துகொண்டிருக்கிறாள். செத்தவர்கள் நோட்டில் இத்தனை வருஷமாக யாரைச் சேர்த்து வாசித்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பெயர்களை வாசித்தாள். கடைசிப் பெயருக்கு முன்னால் நோட்டை மூடினாள். கூட்டம் ஒன்றும் கவனிக்காமல் இளைப்பாற்றி கேட்டது.

மறுநாள் விடிகாலை மணியை அடித்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தாள். விளாத்திகுளத்தில் மாறிக் குளத்தூரில் இறங்கி, விசாரித்து விசாரித்து உப்பளத்துப் பக்கம் போனாள். வழியில் ஒரு பெட்டிக் கடையில் இன்னாசிமுத்து வீடு என்று கேட்டபோது, "இருக்காரா?" என்று கேட்க வாய் வரவில்லை. கடைக்காரரும் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் காட்டினார். உப்பு வெளுத்த தரை. புல் இல்லை, நிழல் இல்லை, சேறு என்று சொல்ல ஒரு கைப்பிடி இல்லை. ஓலைக் கூரை போட்ட காவல் வீடு ஒன்று தனியாக நின்றது. அதன் வாசலில் முதுகைக் காட்டி ஒருத்தன் உட்கார்ந்திருந்தான்.

இருபதடி தூரத்தில் அவள் நின்றுவிட்டாள். அவன் திரும்பவில்லை.

"வா எக்கா" என்றான்.

"எப்படித் தெரியும்?" என்றாள்.

"சத்தம்தான். ஒரு வாரமா உச்சிக்குக் கேக்குது. சதக் சதக்குன்னு சேத்துல நடந்து வார மாதிரி. ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். உன் நடைதான்." அவன் மெதுவாகத் திரும்பினான். கண் இரண்டும் பால் விட்டது போலிருந்தது. "உப்பு வெளிச்சத்துல கண்ணு போயி ரெண்டு வருசமாச்சு. காதுதான் இப்ப எல்லாம். காலு ஈரமா இருக்கே எக்கா. எங்கன மழை?"

"மழை இல்லலே. எங்கயும் இல்ல."

வியாகுலம் கேட்க வேண்டும் என்று ஏழு வருஷமாக வைத்திருந்தது ஒரே கேள்வி. நின்றபடியே கேட்டாள். "அன்னைக்கு வண்டி இறங்கியிருக்குமாலே?"

அவன் உடனே பதில் சொன்னான். அவனும் ஏழு வருஷமாகப் பதிலை வைத்திருந்திருக்க வேண்டும். "இறங்கியிருக்கும். புது வண்டி. சேத்துல விட மனசு வரல. மச்சான் சாவாருன்னு நினைக்கல எக்கா. கடிபட்டவங்க எத்தனையோ பேரு பிழைச்சிருக்காங்கன்னு நினைச்சேன். வேற காரணம் ஒண்ணும் கிடையாது."

பொய் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். அவள் அழுதாள். அழுதுகொண்டே நோட்டில் எழுதியதைச் சொன்னாள். மூன்று வருஷம், ஒவ்வொரு நவம்பரும் முப்பது நாள், இந்த வருஷம் இருபத்தேழு நாள். செத்தவர்களோடு சேர்த்து வாசித்ததைச் சொன்னாள்.

"அவ்வளவு நாளும் எனக்காக மன்றாடியிருக்கே" என்றான். "இந்த ஊருல எனக்குன்னு ஒருத்தரும் மன்றாடல எக்கா. நானே மன்றாடல."

"நான் நல்லதுக்கு மன்றாடலலே."

"மேல இருந்து கேட்டவருக்கு அது தெரியாமலா இருக்கும்?"

"இன்னும் எனக்கு ஆறல" என்றாள் வியாகுலம். "மன்னிச்சிட்டேன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. ஆனா வந்துட்டேன்."

"அது போதும்" என்று எழுந்தான். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது அங்கெல்லாம் வழக்கம். தடவித் தடவி உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். வாசற்கல்லில் அவளை உட்காரச் சொல்லி, கீழே குத்தவைத்து, தண்ணீரை ஊற்றித் தன் கையாலேயே அவள் பாதத்தைத் தேய்த்துக் கழுவினான். தூக்கி நின்ற சுண்டுவிரலில் அவன் கை ஒரு நிமிஷம் தங்கியது. வியாகுலம் கீழே பார்த்தாள். வெள்ளைத் தரையில் தண்ணீர் கறுப்பாக ஓடியது. ஒரு செம்பு தீர்ந்து, இரண்டாவது செம்பு தீர்ந்து, மூன்றாவது செம்புக்குத்தான் தெளிந்தது. உள்ளேயிருந்து வந்த அமலோற்பவம் அதைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். "எங்கன மண்ணு மதினி இது?" என்று கேட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை, மாதத்தின் கடைசி நாள், தம்பியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு இன்னாசிபட்டிக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள். குனியவைத்து, ஒரு பிடி மண்ணை அவளே அள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைச் சூசைமுத்துவின் மேல் போட்டான். போட்டபின் கையைத் தட்டவே இல்லை, அப்படியே விரித்து வைத்திருந்தான். அன்று உச்சிக்கு மணி அடித்துத் திரும்பினபோது தரை சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒருநாளும் தடம் வரவில்லை. நோட்டில் கடைசிப் பெயரைக் கோடிழுத்து அடித்தாள். கோடு போட்ட பிறகும் பெயர் அடியில் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

அப்புறம் தம்பி எட்டு வருஷம் இருந்தான். வருஷம் இரண்டு தடவை அக்கா வீட்டுக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டக்கூடக் கற்றுக்கொண்டான். கண் இல்லாதவன் ஒட்டினது அவள் ஒட்டினதைவிட நேராக இருக்கிறது என்று சீனித்தாய் கேலி பண்ணுவாள். சில நாள் பேச்சுக்கு நடுவில் வியாகுலத்துக்குச் சட்டென்று பழையது நினைவுக்கு வந்துவிடும். அப்போது எழுந்துபோய் அவனுக்கு ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுப்பாள். அவள் கண்டுபிடித்த வழி அதுதான். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஆனியில் அவன் இறந்தான்.

அந்த நவம்பரில் மரப்பெட்டியைத் திறந்தபோது அவன் மகள் எழுதிய சீட்டு இருந்தது. வியாகுலம் அதைப் பார்த்து எழுதினாள். சாயங்காலம் மேடைக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டே வந்தாள். முன்பு அத்தனை நாள் ஒரு நடுக்கமும் இல்லாமல் வாசித்த பெயர். இப்போது 'இன்னாசி' என்று ஆரம்பித்தாள், மேலே வரவில்லை. மறுபடி ஆரம்பித்தாள். உதடு ஆடியது, சத்தம் இல்லை.

கூட்டம் காத்திருந்தது. பிறகு பொம்பளைகள் பக்கத்திலிருந்து ஒரு குரல் அந்தப் பெயரை முழுசாகச் சொன்னது. அடுத்து இன்னொரு குரல் சொன்னது. ஊரே சேர்ந்து அவள் தம்பியின் பெயரைச் சொல்லி முடித்து, அவனுக்கு இளைப்பாற்றி கேட்டது. வியாகுலம் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.